மாமி தூங்கினால் பிழைப்போம்

போன மாதம் ஆஸ்பத்திரியில் என் தலை முழுக்க ஒயர் ஒட்டினார்கள். மண்டையில், நெற்றியில், காதுக்குப் பின்னால், தாடையில் எல்லாம் பசை. ஒட்டி முடித்துவிட்டு, "பாட்டி, இப்ப நல்லாத் தூங்குங்க" என்று சொல்லி அந்தத் தாதி விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். நல்ல வேடிக்கை போங்கள். மாட்டைக் கட்டுவது போல் கட்டிப் போட்டுவிட்டுத் தூங்கு என்றால் எவளுக்குத் தூக்கம் வரும்?

மறுநாள் டாக்டரம்மா கம்ப்யூட்டரில் கோடு கோடாகக் காட்டினாள். சின்னப் பெண், பொறுமையாகப் பேசினாள். நாம் தூங்கும்போது மூளை தூங்குவதில்லையாம். பகலில் கேட்டதையும் பார்த்ததையும் அப்போதுதான் எடுத்து உள்ளே அடுக்கி வைக்குமாம். அதற்கு ஆழ்ந்த தூக்கம் வேண்டும், அதில் பெரிய பெரிய அலையாக மெதுவாக வரும், வயசாக ஆக அந்த அலை சிறுத்துப் போகும், சிலருக்கு ரொம்பச் சிறுத்துவிடும் என்றாள். "உங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே சிறுத்திருக்கு பாட்டி. அதனாலதான் புதுசா நடக்கிறது மனசுல நிக்க மாட்டேங்குது." என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நான் முந்தானையை இழுத்துத் தோளோடு போர்த்திக்கொண்டேன். ஏர்கோன் குளிர் என்று நினைத்து டாக்டரம்மா ஒரு போர்வை கொடுத்தாள்.

குளிரா? பயம் அம்மா, பயம். அந்தத் தூக்கம் போன ஒருத்தியோடு நான் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில், காஜா பேராங் என்ற ஊரில், என் மாமியார் முந்தின ராத்திரி தூங்கினாரா இல்லையா என்பதில்தான் என் புருஷனுடைய உயிர் இருந்தது.

நான் ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். எங்கள் எஸ்டேட் ஆபீஸுக்குக் கணக்கு எழுதும் கிராணியாக வந்தவர், என்னைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்று கட்டினார். அவர் காஜா பேராங் செட்டிக் கம்பத்து ஆள். கப்பலில் வந்த தமிழ் வியாபாரிகள் மலாய்க்காரிகளைக் கட்டி எப்போதோ தங்கிவிட்ட கிராமம் அது. அந்தக் கம்பத்தில் சாமி நம் சாமி, நெற்றியில் விபூதி, வாயைத் திறந்தால் மலாய். மாமி சாரோங்கும் கெபாயாச் சட்டையும் போடுவார், முருகா என்பார், அதற்கு மேல் தமிழ் வராது. அவர் பேசியதை எல்லாம் இங்கே நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். அவர் திட்டியதைத் தமிழில் எழுதினால் பாதிக் காரம் போய்விடுகிறது, என்ன செய்ய.

நான் வாசல் மிதித்த முதல் நாளே, "எஸ்டேட் பெண்ணா? சம்பல் இடிக்கத் தெரியுமா?" என்று கேட்டவர் மாமி. தெரியாது என்றேன். உரலைக் காட்டினார். ஒரு வருஷத்துக்குள் நாங்கள் இரண்டு பேரும் என் புருஷனுக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்துவிட்டோம். அப்போது மாமிக்கு அறுபதைத் தாண்டிச் சில வயசு. படுத்தால் குறட்டை, எழுந்தால் அதிகாரம், புத்தி கத்தி.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று லாரி வந்தது. முதலில் சம்பளம், சோறு, துணி என்று ஆசை காட்டினான். அப்புறம் ஆசை காட்டுவதை விட்டுவிட்டுப் பிடிக்க ஆரம்பித்தான். கடைத்தெருவில் பிடித்தான், கோயில் வாசலில் பிடித்தான். லாரி திரும்பி வரும், ஆள் வரமாட்டான். எஸ்டேட்டில் என் அண்ணன் அப்படிப் போனவன்தான். இன்றைக்கு வரைக்கும் சேதி கிடையாது.

அண்ணன் போன சேதி வந்த அன்று என் புருஷன் பரணில் ஏறினார். பரண் என்றால் பெரிய அறை என்று நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரைக்கும் பலகைச் சீலிங்குக்கும் நடுவே ஓர் இடுக்கு. உட்கார்ந்தால் தலை இடிக்கும். மத்தியான வெயிலில் அந்தத் தகரம் கொதிக்கிற கொதிப்புக்கு மனுஷன் வெந்து போகாததே ஆச்சரியம். பொழுது சாய்ந்து வெளிக் கதவைச் சாத்திய பிறகு, துணி காயப்போடும் மூங்கில் கழியால் சீலிங்கைத் தட்டுவேன். அப்போதுதான் இறங்கி வந்து சாப்பிடுவார்.

ஊருக்கு என்ன சொல்வது? வேலை தேடிச் சிங்கப்பூர் போனார், அங்கே காய்ச்சலில் போய்விட்டார், அங்கேயே எரித்துவிட்டார்கள் என்று சொன்னோம். நான் வெள்ளை கட்டினேன். பொட்டை அழித்தேன். தாலியை மட்டும் கழற்றவில்லை, ரவிக்கைக்குள் ஊசி போட்டுக் குத்தி வைத்துக்கொண்டேன். குனிந்து நிமிரும்போதெல்லாம் அது வெளியே வந்துவிடுமோ என்று பயம். தெருவில் லாரிச் சத்தம் கேட்டால் பயம்.

மாமிக்கும் சொல்லிக் கொடுத்தேன். "மாமி, அவர் மேலே இருக்கார். வெளியாளுக்கு அவர் செத்துட்டார்." இவ்வளவுதான் பாடம். மாமி முறைத்தார். "எனக்கே பாடம் நடத்துறியா?" என்றார். மறுநாளே பக்கத்து வீட்டுக்காரி துக்கம் கேட்க வந்தபோது, அழுத அழுகையில் நானும் நிஜமாகவே அழுதுவிட்டேன். அவள் போனதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கிழங்கு வெந்துருச்சா பாரு" என்றார். என்ன பொம்பளை! எனக்குச் சிரிப்பும் வந்தது, தைரியமும் வந்தது.

அந்தத் தைரியம் நிலைக்கவில்லை. லாரிகள் ராத்திரியில் ஓட ஆரம்பித்தன. காஜா பேராங் ரோட்டில் ஒரு லாரி போனால் எங்கள் வீட்டுப் பலகை எல்லாம் அதிரும். ஒவ்வொரு தடவையும் மாமி எழுந்து உட்கார்ந்து சீலிங்கைப் பார்ப்பார். குறட்டை நின்று போனது. குறட்டை நின்ற கொஞ்ச நாளில் பாடமும் மறக்கத் தொடங்கியது.

பழசு ஒன்றும் போகவில்லை. அவர் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், மாமனார் எந்தச் சட்டை போட்டிருந்தார், எல்லாம் சொல்வார். நேற்று சொன்னதுதான் நிற்காது. அதிலும் முழுசாக மறந்தால்கூடச் சமாளித்திருப்பேன். பாதி நிற்கும், பாதி போய்விடும். நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் இரண்டு பாதியும் இருக்கும். தூங்காத காலையில் ஒன்றுதான் இருக்கும். அது எந்தப் பாதி என்பது அவர் வாயைத் திறந்தால்தான் தெரியும். சில நாள் "அவர் மேலே இருக்கார்" என்பது மட்டும். சில நாள் "அவர் செத்துட்டார்" என்பது மட்டும்.

அதனால் தினமும் காலையில் மாமி கண் விழிப்பதற்கு முன்னால் போய் அவர் பாய்க்குப் பக்கத்தில் நிற்பேன். விழித்ததும் கேட்பேன், "மாமி, உங்க மகன் எங்கே?" அவர் பதில் சொல்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். இரண்டு பாதியும் சரியாகச் சொல்லி, "காலங்காத்தால என்ன கேள்வி?" என்று ஒரு வசவும் சேர்த்து வைத்தாரானால் அன்றைக்குப் பிழைத்தோம்.

ஒரு நாள் நான் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. மாமி முந்திக்கொண்டார். நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது வந்து, என் தாடையைப் பிடித்துத் திருப்பி, ஏதோ சொல்லிக்கொண்டே நெற்றியைத் தடவினார். வாஞ்சை என்று நினைத்துக்கொண்டேன். வாளியைத் தூக்கிக்கொண்டு வேலிப் பக்கம் போனால் பக்கத்து வீட்டுக்காரி என்னையே பார்க்கிறாள். "என்னடி இது?" என்றாள். கையை வைத்துப் பார்த்தேன். குங்குமம். சுமங்கலிக்கு வைக்கிற மாதிரி நடு நெற்றியில் வட்டமாக வைத்துவிட்டிருந்தார் மாமி.

வாளி கையிலிருந்து விழுந்துவிட்டது. "கிழவிக்குப் புத்தி சரியில்லக்கா, மகன் போன துக்கம்" என்று உளறினேன். அவள் என் நெற்றியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள். நல்லவள்தான். ஆனால் அவள் வீட்டிலும் பசி இருந்தது, ஆள் காட்டிக் கொடுத்தால் அரிசி கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அன்று முழுக்க நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேலைதான், மாமியைத் தூங்க வைப்பது. சாயங்காலம் கம்பத்தைச் சுற்றி நடக்க வைத்தேன். உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தேன். ஜாதிக்காயை உரைத்து வெந்நீரில் கலக்கிக் கொடுத்தேன், மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு குடிப்பார். கூவிக் கூவி அவரை எழுப்பிய சேவலைக்கூட விட்டுவைக்கவில்லை, அடித்துக் குழம்பு வைத்தேன். "என் சேவல் எங்கே?" என்று ஒரு வாரம் கேட்டார். பாருங்கள், அது மட்டும் மறக்கவில்லை! லாரி ஓடாத ராத்திரியில் இதெல்லாம் பலித்தது, மறுநாள் மாமி பழைய மாமியாக எழுந்தார். லாரி ஓடினால் ஒன்றும் பலிக்காது.

இப்படி இருக்கும்போது பர்ச்சு வந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் செட்டிக் கம்பத்தில் ஒவ்வொரு வீட்டிலும் செத்தவர்களுக்குப் படையல் வைப்பார்கள். அதற்குப் பர்ச்சு என்று பெயர். சாமி அறையில் வரிசையாக வாழை இலை போட்டு, போனவர்களுக்கு என்னென்ன பிடிக்குமோ அதை எல்லாம் வைத்து, சாம்பிராணி போட்டுக் கும்பிட்டுவிட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். அவர்கள் வந்து சாப்பிடும் நேரம் அது. உயிரோடு இருக்கிறவன் உள்ளே நிற்கக் கூடாது. எவ்வளவு பெரிய சூரனும் நிற்கமாட்டான்.

முந்தின தடவை கேட்டவர்களுக்கு, செத்து வருஷம் திரும்பவில்லை, அதனால் இலை போடவில்லை என்று சொல்லித் தப்பித்தோம். இந்தத் தடவை அது செல்லாது. ஜப்பான்காரனுக்கு ஆள் காட்டுகிறவன் ஒருத்தன் இருந்தான், எங்கள் கம்பத்திலேயே பிறந்தவன். அவன் வழியில் என்னைப் பார்த்து, "என்ன, இந்தத் தடவையாவது புருஷனுக்கு இலை உண்டா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அவர் இறங்கி வந்து, "போட்டுத் தொலையேன். ஒரு இலை போட்டா நான் செத்துடுவேனா?" என்றார். "வாயை மூடுங்க" என்று கத்திவிட்டேன். வெள்ளை கட்டுவேன், பொட்டை அழிப்பேன், பொய் சொல்வேன். உயிரோடு இருக்கிற புருஷனைச் செத்தவர்களோடு உட்கார வைத்து, வா வந்து சாப்பிடு என்று கூப்பிட என்னால் முடியாது. மாமிக்கு அன்று இரண்டு பாதியும் இருந்தது. அவரும் என் பக்கம்தான். "வாயால சொல்றது வேற, இலை போடறது வேற. கூப்பிட்டா வந்துருவாங்க, வந்தவங்க சும்மா போகமாட்டாங்க" என்றார். இலை போடுவதில்லை, யாரும் வருவதற்குள் கதவைச் சாத்திவிடுவது என்று முடிவு செய்தோம். சயாம் லாரிக்குப் பயந்தோம், அதைவிட ஒரு வாழை இலைக்குப் பயந்தோம். இன்றைக்கு யாராவது கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று ராத்திரி ஒன்றன்பின் ஒன்றாக லாரி ஓடியது. மாமி கண்ணை மூடவே இல்லை.

காலையில் நான் கேட்பதற்கு முன்பே அவர் குளித்துவிட்டு வந்து நின்றார். முகம் அமைதியாக இருந்தது. "இலை நறுக்கிட்டியா?" என்றார். மாமனாருக்கும் அவர் அப்பா அம்மாவுக்கும் நறுக்கியிருக்கிறேன் என்றேன். "என் மகனுக்கு?" என்றார்.

"மாமி, அவர் மேலே இருக்கார்" என்றேன். மாமி என்னை இரக்கமாகப் பார்த்தார். என் கன்னத்தைத் தொட்டார். "பாவம் பிள்ளை, உனக்குப் புத்தி பேதலிச்சிருச்சு" என்றார்.

என்ன சொல்லியும் கேட்கவில்லை. தானே போய் இலை வெட்டினார், மாமனார் இலைக்குப் பக்கத்தில் விரித்தார். அரிசி ஏது அப்போது? மரவள்ளிக்கிழங்கை மசித்து வைத்தார், மகனுக்குப் பிடிக்கும் என்று அதன் ஓரத்தில் கருவாட்டுச் சம்பல், ஒரு சுருட்டு. பிறகு உட்கார்ந்து அழத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரிக்காக அழுத அழுகை இல்லை இது. பெற்ற வயிறு எரிந்து அழுத அழுகை. நான் இலையை எடுத்து எறிந்துவிடலாம் என்று குனிந்தேன். வாசலில் பூட்ஸ் சத்தம்.

ஆள் காட்டுகிறவன் முன்னால், துப்பாக்கியோடு ஒரு ஜப்பான்காரன் பின்னால். நேராகச் சாமி அறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆள் காட்டுகிறவன் இலைகளைப் பார்த்தான். கருவாட்டுச் சம்பலைப் பார்த்தான், அவனும் என் புருஷனும் சின்ன வயசில் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள்தான். மாமி அவன் காலைக் கட்டிக்கொண்டு, "என் மகனைப் பார்த்தியா? கடைசியா அவன் முகத்தைக்கூட எனக்குக் காட்டலையேடா" என்று கதறினார். ஜப்பான்காரன் மட்டும் தலையைத் தூக்கிச் சீலிங்கைப் பார்த்தான். நான் ரவிக்கைக்குள் தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மேலே பலகை முனகியது. தாய் அழுவதைக் கேட்டு அவர் அசைந்திருக்க வேண்டும். சீலிங் இடுக்கிலிருந்து தூசி உதிர்ந்து புது இலை மேல் விழுந்தது. எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மாமி அழுகையை நிறுத்திவிட்டார். மேலே பார்த்தார். "வந்துட்டான்" என்றார். "பசியோட வந்திருக்கான் பிள்ளை. கதவைச் சாத்து, எல்லாரும் வெளியே போங்க."

ஆள் காட்டுகிறவன் முகம் வெளிறிப்போனது. என்னதான் ஜப்பான்காரனோடு சுற்றினாலும் அவன் இந்தக் கம்பத்தில் பிறந்தவன். அவன் வீட்டிலும் அன்று இலை போட்டிருந்தார்கள். ஜப்பான்காரனிடம் கையைக் காலை ஆட்டி ஏதோ சொன்னான், அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். இருவரும் போய்விட்டார்கள். மாமியே எழுந்து கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

பிழைத்தோம். ஆனால் அன்றோடு மாமியிடமிருந்து "மேலே இருக்கார்" என்ற பாதி போய்விட்டது. ஜப்பான்காரன் தோற்று ஓடினான், லாரி நின்றது, மாமிக்குக் கொஞ்சம் தூக்கம்கூடத் திரும்பியது. அந்தப் பாதி மட்டும் திரும்பவே இல்லை. என் புருஷன் பட்டப்பகலில் இறங்கி வந்து, "அம்மா, நான்தான்" என்று கையைப் பிடித்தபோது மாமி அலறவில்லை. வாஞ்சையாகத்தான் பார்த்தார். "சாப்பிட்டியாப்பா? சாப்பிட்டாச்சுன்னா கிளம்பு. ரொம்ப நேரம் இங்க இருக்கக் கூடாது" என்றார். தினமும் காலையில் இதே பேச்சு. என் புருஷன் தினமும் போய்க் கையைப் பிடிப்பார், திரும்பி வந்து கிணற்றடியில் நின்று அழுவார். மாமி சாகும் வரைக்கும் பெற்ற மகனைச் செத்தவனாகத்தான் பார்த்தார்.

இப்போது நாங்கள் புக்கிட் காதிலில் இருக்கிறோம். என் புருஷன் நிஜமாகவே போய்ப் பல வருஷமாகிறது. என் மகள் பர்ச்சை விடவில்லை, வருஷா வருஷம் அப்பாவுக்கு இலை போடுகிறாள். இந்த வருஷமும் போட்டாள். முந்தின ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. சாமி அறைக்கு வந்து பார்த்தேன், கருவாட்டுச் சம்பலோடு ஓர் இலை.

"எவடி இது? உயிரோட இருக்கிற மனுஷனுக்கு இலை போடறது?" என்று கத்தினேனாம். இலையைப் பிடித்து இழுத்தேனாம், சோறெல்லாம் தரையில். மகள் அழுதுகொண்டே, "அம்மா, அப்பா செத்துட்டாரும்மா" என்றாள். அது எனக்கு நினைவிருக்கிறது. பரவாயில்லையே, பிள்ளை நன்றாக நடிக்கிறாளே என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. வெளியாள் யாரும் இல்லை என்று வாசலைப் பார்த்துவிட்டு, துணிக் கழியை எடுத்து வந்து சீலிங்கைத் தட்டினேன். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. இறங்கி வருவார் என்று கழியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியும் ஒயரும்.

இப்போது தினமும் நான் கண் விழிக்கும்போது மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். சும்மா நிற்பது போல் நிற்கிறாள், போர்வையைச் சரி செய்கிறாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? பிறகு மெதுவாகக் கேட்பாள், "அம்மா, அப்பா எங்கே?"

நான் சீலிங்கைப் பார்க்காமல் படுத்திருப்பேன். அன்று வெளியாளிடம் சொன்ன அதே பொய்தான் இன்று சரியான பதில். அதைத் தினமும் என் வாயால் சொன்னால்தான் என் புத்தி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இன்று காலையில் சொல்லிவிட்டேன். அவர் செத்துட்டார் என்று சொன்னேன். மகள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, காப்பி கலக்கப் போனாள்.